பேசுபவர் 2

செவ்வாய்க்கிழமை காலை வந்த பட்டியலில் பதினேழாவது சாமானுக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது.

மிர்த்தா ஒலாஸ்கோவாகா முதலில் அதைக் கவனிக்கவில்லை. கிட்டங்கியின் தகரக் கூரைமேல், அந்த ஊருக்குக் குளிர்காலமான ஜூலை மாதத்து மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அடுக்கி வைத்த அலமாரிகளிலிருந்தும் சுருட்டி வைத்த கம்பளங்களிலிருந்தும் செத்துப்போனவர்களின் வீட்டு வாடை, அந்துருண்டையும் பழைய கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை, ஈரத்தில் ஊறி எழும்பிக்கொண்டிருந்தது. மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சும் குழலை உதட்டில் வைத்தபடி கணினித் திரையில் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே வந்தவள், கொஞ்ச தூரம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

பேசுபவர் 1: முட்டை வடிவக் கண்ணாடி ஒன்று. தங்க முலாம் பூசிய சட்டம். கீழ் மூலையில் விரிசல்.

பேசுபவர் 2: விரிசல் முன்னாடி இல்ல.

பேசுபவர் 1 அவள்தான். பேசுபவர் 2 என்று யாரும் கிடையாது. பிராதோ பகுதியில் இருந்த அந்த வீட்டில் நேற்று மதியம் முழுக்க அவள் தனியாகத்தான் இருந்தாள்.

ஆள் போன வீடுகளைக் காலி செய்து கொடுப்பது மிர்த்தாவின் தொழில். வாரிசுகள் சாவியைக் கொடுப்பார்கள். அவள் அறை அறையாக நடந்து ஒவ்வொரு சாமானையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவாள். பட்டியலாகும், படம் எடுக்கப்படும், இணையத்தில் விற்கப்படும். மான்டிவிடியோவில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒன்பது வருடம் அவளுக்கு இரண்டடி பின்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மில்ட்டன் பெந்தன்கோர் நடந்து வந்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதுவான். "இந்த அலமாரில எலி குடும்பம் நடத்துது மிர்த்தா, அதையும் எழுதிக்கவா?" என்பான். போன நவம்பரில் அவனை நிறுத்தினாள். நேரில் சொல்ல வாய் வரவில்லை, செல்போனில் நாலு வரி அனுப்பினாள். அவன் பதில் போடவில்லை.

அதற்குப் பிறகு வேலையெல்லாம் துண்டு துண்டாக இணையத்துக்குப் போனது. படங்களைத் திருத்தித் தர ஒருவர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் போட ஒருவர். அவள் பேசிப் பதிவு செய்ததை எழுத்தாக அடித்துத் தருவது வெனிசுவேலாவில், மாராக்காய்போவில் இருந்த யோர்ஹெலிஸ் உர்தனேத்தா. நேரில் பார்த்ததில்லை. கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அடிக்கிற பெண். குரல் அனுப்பினால் பின்னால் சேவல் கூவும், கைக்குழந்தை சிணுங்கும்.

'யார் இந்த இரண்டாவது ஆள்?' என்று மிர்த்தா எழுதிக் கேட்டாள்.

ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. மிர்த்தாவை அவள் செல்லமாக ராணி என்றுதான் கூப்பிடுவாள். "அதை என்னைக் கேக்கறீங்களா ராணி? நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க! வயசான குரல். கேட்டதை அப்படியே அடின்னு சொன்னது நீங்க, நான் அடிச்சேன். தாத்தா ரொம்ப மெதுவாப் பேசறார், அந்த ஒரு வரிக்கு நாலு தடவை திருப்பிக் கேட்டேன்."

மிர்த்தா காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். தன் குரல். மரத் தரையில் தன் செருப்பு. 'கீழ் மூலையில் விரிசல்.' பிறகு ஒரு சின்ன மௌனம். எங்கோ சொட்டு விழும் சத்தம். 'அடுத்தது, குடை வைக்கும் பித்தளைத் தாங்கி.' அவ்வளவுதான். மூன்று முறை கேட்டாள். சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். எதுவும் இல்லை.

தூக்கமில்லாமல் வேலை செய்கிற பெண், ஏதோ உளறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று மதியமே அதே பதிவை வேறொருவருக்கு, பெரு நாட்டில் அரெக்கிப்பாவில் இருந்த முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு, ஒன்றும் சொல்லாமல் அனுப்பினாள். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே அது திரும்பி வந்தது. பதினேழாவது சாமானுக்குக் கீழே அதே வரி. எழுத்து மாறவில்லை. அந்த ஆள் அடியில் ஒரு குறிப்பு வேறு எழுதியிருந்தான்:

'ரெண்டு பேர் பேசுறாங்கன்னா முன்னாடியே சொல்லணும், அதுக்குக் கட்டணம் வேற. இன்னொன்னு, ரெண்டாவது ஆள் வாயை மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல வெச்சிருக்கார். அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.'

மைக் அவள் கோட்டின் கழுத்துப் பட்டையில் குத்தியிருந்தது.

புதன்கிழமை அவள் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஸ்பெயினில் இருந்த வாரிசுக்காரரிடம் வெள்ளிக்கிழமை சாவி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பட்டியலில் வந்த ஒரு வரிக்குப் பயந்து வேலையை விட்டாள் என்று ஆவதை அவளால் தாங்க முடியாது. காலையில் சுமை தூக்குபவர்கள் நால்வர் வந்து நடுக்கூடத்துச் சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் வீடு பெரிதாகிவிட்டது.

பின் அறைகள் பாக்கி. நடுக்கூடத்துக்கு மேலே இருந்த கண்ணாடிக் கூரையின் வழியே சாம்பல் நிற வெளிச்சம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. அதன் ஓரங்களில் பாசி பிடித்து, வெளிச்சமே பச்சையாகக் கசிந்தது. அவள் முதல் அறைக்குள் நுழைந்து, வேண்டுமென்றே உரத்த குரலில் ஆரம்பித்தாள். கட்டில் ஒன்று, வாதுமை மரம். தலைமாட்டு மேஜை இரண்டு. கம்பளிப் போர்வை, பூச்சி அரித்தது. குரல் சுவரில் பட்டுத் திரும்பாமல் சுவருக்குள்ளேயே இறங்கிப்போனது, தலையணைக்குள் பேசுவது மாதிரி. யாரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. வலது காதுமடல் மட்டும் சில்லென்று இருந்தது. ஜன்னல் இடுக்கு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.

நாலாவது அறையில்தான் தான் செய்துகொண்டிருந்த ஒரு காரியம் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு சாமானைச் சொன்னதும் நிறுத்துகிறாள். நாலு மூச்சு, ஐந்து மூச்சு நேரம். அதன் பிறகே அடுத்ததைச் சொல்கிறாள். எதிரே பேசுகிறவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல.

மிச்சமிருந்த கடைசி அறைக்குள் அவள் போகவில்லை. தெருவுக்கு வந்து, இலையுதிர்ந்த மரங்களுக்கு அடியில் மழையிலேயே நின்று, பதிவை யோர்ஹெலிஸுக்கு அனுப்பினாள்.

அந்தப் பெண் இந்த முறை எழுத்தை அனுப்பவில்லை. நேராகக் கூப்பிட்டாள்.

"சேன்யோரா." மேடம் என்பதுபோல் மரியாதையாகக் கூப்பிட்டாள், ராணி என்று சொல்லவில்லை. "அந்த ஆள் யாரு?"

"யாரும் இல்ல யோர்ஹெலிஸ். நான் தனியாத்தான் இருந்தேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. என் குழந்தை மேல சத்தியமாக் கேக்கறேன், அப்படிச் சொல்லாதீங்க."

"என்ன சொல்றார்? படி."

"நான் படிக்க மாட்டேன். அனுப்பறேன், நீங்களே பாருங்க. அவரும் பட்டியல்தான் போடறார். ஆனா வீட்டை இல்ல."

கிட்டங்கியில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு மிர்த்தா அதைப் படித்தாள்.

பேசுபவர் 1: கட்டில் ஒன்று. வாதுமை மரம்.

பேசுபவர் 2: பெண் ஒன்று. ஐம்பத்து மூணு வயசு.

பேசுபவர் 1: தலைமாட்டு மேஜை இரண்டு.

பேசுபவர் 2: முட்டி ரெண்டு. வலது தேஞ்சது.

பேசுபவர் 1: கம்பளிப் போர்வை ஒன்று. பூச்சி அரித்தது.

பேசுபவர் 2: கோட்டு ஒண்ணு. பழுப்பு. நல்ல நிலைமை.

இப்படியே ஆறு பக்கம். ஒன்றுக்கு ஒன்று. கடைவாய்ப் பல்லில் அடைத்தது, தலையில் சாயம், இடது விலாவுக்குக் கீழே ஏழு தையல் போட்ட தழும்பு. ஆறு வயதில் கண்ணாடிப் புட்டிமேல் விழுந்தபோது போட்ட தையல். அதைத் தெரிந்த கடைசி ஆள் அவளுடைய அம்மா. அம்மாவைப் புதைத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

ஆறாவது பக்கத்தின் கடைசி வரி: 'பாக்கி நாளைக்கு.'

வெகுநேரம் கழித்து அவள் போனை எடுத்தாள்.

"மில்ட்டன், நான் மிர்த்தா பேசறேன்."

"தெரியுது. நம்பரை இன்னும் அழிக்கல."

"நாளைக்கு பிராதோவுல ஒரு வீடு. நீ கூட வரணும்."

"எழுதறதுக்கு உங்களுக்குத்தான் ஊர் ஊரா ஆள் இருக்கே, சேன்யோரா."

ஒன்பது வருடம் பேர் சொல்லிக் கூப்பிட்டவன். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

"எழுத வேண்டாம். சும்மா பக்கத்துல நில்லு."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. "சும்மா நிக்கறதுக்கா?" என்றான். பிறகு, குரல் மாறி, "உடம்பு கிடம்பு சரியில்லையா? சரி. மூணு மணிக்கு மச்சானோட வண்டியை எடுத்துட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் வெளியவே இருங்க" என்றான்.

வெளியேதான் இருந்தாள். வியாழக்கிழமை இரண்டரை மணிக்குக் காற்று திரும்பி, ஆற்றுப் பக்கமிருந்து மழை சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது. குடை மடங்கிப்போனது. தெருக்கதவுக்கும் உள் கண்ணாடிக் கதவுக்கும் நடுவே, இரண்டு பேர் நிற்கிற அளவு குறுகலான ரேழி. அதுவரை மட்டும் போகலாம் என்று சாவியைப் போட்டாள். கதவைத் திறந்தே வைத்தாள். முதுகைப் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றாள். கைக்கெட்டும் தூரத்தில் நடைபாதை. எதிர்வீட்டில் யாரோ வெங்காயம் தாளிக்கிற வாசனை.

துணைக்கு யோர்ஹெலிஸைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம் சேன்யோரா. பணம்கூட வேண்டாம்."

"வேலை இல்ல. மூணு மணி வரைக்கும் லைன்ல இரு, அவ்வளவுதான். எனக்குக் கேக்காதது ஏதாவது உனக்குக் கேட்டா அடி. நான் திரையில பாத்துக்கறேன். தெருவுல ஓடிடுவேன்."

சேவல் கூவியது. குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம். "சரி ராணி. கதவு திறந்திருக்குல்ல?"

"திறந்திருக்கு."

மிர்த்தா போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். வெள்ளைத் திரை. ஒரு கோடு மட்டும் மினுங்கி மினுங்கி மறைந்தது. மழை. வடிகாலில் தண்ணீர் உருளும் சத்தம். தூரத்தில் ஒரு பேருந்து. பத்து நிமிடம் எதுவுமில்லை. தன் பயத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு எழுத்துக்கள் வந்தன.

பேசுபவர் 2: சீக்கிரமே வந்துட்டா.

அவள் தெருப்பக்கம் காலை எடுத்தாள். கதவைத் தள்ளுகிற காற்று எதுவும் உள்ளிருந்து வரவில்லை. கதவு மட்டும், எண்ணெய் போட்டது போல், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

"யோர்ஹெலிஸ்! கதவு—"

'ராணி, ஏன் பேச மாட்டேங்கறீங்க?' என்று திரையில் வந்தது.

"பேசறேன்! பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

'இருக்கீங்களா? மழைச் சத்தம் மட்டும்தான் கேக்குது. ஏதாவது சொல்லுங்க.'

அவள் கத்தினாள். தொண்டை எரிந்தது. காதில் எதுவும் விழவில்லை. தன் கத்தல் தனக்கே கேட்கவில்லை.

பேசுபவர் 2: குரல். ஒண்ணு. எடுத்தாச்சு.

தாழ்ப்பாளைப் பிடித்தாள். பிடித்ததாக நினைத்தாள். இரும்பின் குளிர் தெரியவில்லை. மறு கையிலிருந்த போன் நழுவி, முகம் மேலாகத் தரையில் விழுந்தது.

பேசுபவர் 2: கை. ஒரு ஜோடி. எடுத்தாச்சு.

குனிய முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே படித்தாள். முட்டி. தோள். கோட்டு. தழும்பு. ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரே சொல். வலி இல்லை. வலி இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டாள்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

"மிர்த்தா? நான்தான். உள்ளயா இருக்கீங்க?"

மில்ட்டன். ஒரு அங்குல மரத்துக்கு அந்தப் பக்கம்.

"திறந்துதான் இருக்கு, வா வா" என்றது வீட்டுக்குள்ளிருந்து மிர்த்தாவின் குரல்.

கதவு திறந்தது. நனைந்த தொப்பியை உதறிக்கொண்டே அவன் உள்ளே வந்தான். அவளைத் தாண்டிப் போனான். அவன் தோள் அவள் இருக்கும் இடத்தின் வழியாகவே போனது; மழையின் ஈரம்கூட அவள்மேல் படவில்லை. உள் கண்ணாடிக் கதவருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பழுப்புக் கோட்டு. கக்கத்தில் மாத்தேக்கான வெந்நீர்க் குடுவை. வலது காலை லேசாக இழுத்து நடந்து வந்து மில்ட்டனின் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

"என்ன இவ்வளவு சில்லுனு இருக்கு மூஞ்சி? வெளியவே இருங்கன்னு சொன்னேன்ல" என்றான் அவன்.

"பயந்துட்டேன் மில்ட்டன். சும்மா. வயசாகுது." குரல் சிரித்தது. "நான் உனக்கு நேர்ல சொல்லியிருக்கணும். செல்போன்ல நாலு வரி போட்டது தப்பு. திரும்ப வந்துடறியா?"

எட்டு மாதமாக மிர்த்தா தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, சொல்ல முடியாமல் விழுங்கிய அதே வார்த்தைகள்.

அவன் தொப்பியைக் கையில் சுற்றினான். கண் கலங்கிவிட்டது. "நோட்டு வண்டியிலதான் இருக்கு" என்றான். "இப்ப அடிச்சுத் தர்ற ஆளு?"

"அவ வேண்டாம். நிறுத்திடலாம்."

தரையில் கிடந்த போனில் எழுத்துக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேகவேகமாக. பிழையோடு.

'ராணி அது நீஙக இல்ல. எனக்குத் தெரியும். எட்டு மாசமா உங்க குரலை நிமிஷம் நிமிஷமா கேட்டவ நான். அது நீங்க இல்ல. அந்த ஆள்கிட்ட யாராவது சொல்லுங்க. ராணி எங்க இருக்கீ'

பழுப்புக் கோட்டு குனிந்தது. போனை எடுத்துத் துடைத்தது. திரையை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டது.

கடைசி அறையில் எடுக்க அதிகம் இல்லை. ஒரு பெட்டி, ஒரு விளக்கு. இரண்டு பேரும் பேசிக்கொண்டே சுமந்து போனார்கள். மில்ட்டன் ஏதோ எலி நகைச்சுவை சொன்னான், குரல் வாய்விட்டுச் சிரித்தது. தெருக்கதவு மூடியது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. வண்டி கிளம்பும் சத்தம். பிறகு மழை மட்டும்.

மிர்த்தா உள்ளே பார்த்தாள்.

நடுக்கூடம் வெறுமையாக இருந்தது. கண்ணாடிக் கூரையிலிருந்து பச்சை வெளிச்சம் இறங்கியது. அறுபது எழுபது வருடம் அலமாரிகளும் கண்ணாடிகளும் நின்ற இடங்களில் சுவர்க் காகிதம் மட்டும் வெளிறாமல், பழைய நிறத்தோடு கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுச் செருப்புப் போட்ட ஒரு கிழவர். பக்கத்தில் ஏப்ரன் கட்டிய பெண். பள்ளிச் சீருடையில் ஒருத்தி. தபால்காரர் ஒருவர். சுவரோடு சுவராக, முதுகை ஒட்டி, அளவெடுத்து வைத்ததுபோல. எல்லோருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது. திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. துளிச் சத்தம் இல்லை.

மூலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நெட்டுக்குத்தாக. ஓர் ஆள் உயரம்.

அவள் கால்கள் அங்கே நடந்தன.